காத்தடிச்ச பெட்டி

விஜயதசமி அன்று காலை எட்டரை மணிக்கு, மறுபூஜைக்குக் கற்பூரம் காட்டிய கையோடு சோனியா கம்ப்யூட்டர் பெட்டியின் பட்டனை அமுக்கினாள். பெட்டி கம்மென்று இருந்தது. இன்னொரு தரம் அமுக்கினாள். உள்ளே ஃபேன் சுற்றவில்லை, முகப்பில் பச்சை விளக்கு வரவில்லை. நேற்று வைத்த சந்தனமும் குங்குமமும் மட்டும் பெட்டியின் நெற்றியில் காய்ந்து வெடித்திருந்தன.

"நைனா, இங்க வா. இதுக்கு உசுரே இல்ல."

வாசலில் டிவிஎஸ் வண்டியில் கட்டியிருந்த மாவிலையை அவிழ்த்துக்கொண்டிருந்த அவள் அப்பா சின்னதுரை அதைக் கீழே போட்டார். உள்ளே வந்து பிளக்கைப் பிடுங்கிச் சொருகினார். ஒயரை ஆட்டினார். பெட்டியின் விலாவில் இரண்டு தட்டு தட்டினார். இருபது வருஷ ஃபிட்டர். ஆரம்பாக்கத்தில் எந்த வீட்டு மோட்டார் நின்றாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். ஆனால் இந்தப் பெட்டி அவர் கைக்கு மசியவில்லை.

அடுப்படியிலிருந்து கங்கம்மா வந்து நிலைப்படியில் நின்றாள். கையில் சுண்டல் கரண்டி. அவள் பெட்டியைப் பார்க்கவில்லை, புருஷனைப் பார்த்தாள்.

"திங்கக்கெழம நல்லாத்தான ஓடிச்சி. செவ்வாக்கெழம நீ கம்பெனிக்குத் தூக்கினு போன. இன்னிக்குச் செத்துப்போச்சி. நடுவுல இன்னா நடந்துச்சின்னு நீயே சொல்லுயா."

"காத்து அடிக்கத்தான் தூக்கினு போனேன். ஊரே தூக்கினு வருது, நான் மட்டுமா?"

"ஊரு கதய உடு. நாளைக்கி இன்னா நாளு?"

நாளைக்கு என்ன நாள் என்று அந்த வீட்டில் யாருக்குத் தெரியாது? பதினொரு மணிக்குத் திருவள்ளூர் லேபர் ஆபீஸில் விசாரணை. ஆடி மாசத்தில் மருமகன், சோனியாவின் புருஷன் ஜோஷ்வாவின் வலது கையில் நான்கு விரல்களைத் தகடு அடிக்கிற நாலாம் நம்பர் பிரஸ் மிஷின் எடுத்துக்கொண்டது. மாமனும் மருமகனும் ஒரே கம்பெனி. மாமன் பர்மனென்ட், மருமகன் காண்ட்ராக்ட். 'அந்த ஆள் லோடிங் வேலைக்கு வந்தவர், பிரஸ் பக்கம் அவருக்கு வேலையே கிடையாது, தானாகப் போய்க் கையை விட்டார்' என்று கம்பெனி வெள்ளைப் பேப்பரில் எழுதிக் கொடுத்துவிட்டது. கையெழுத்து ரெஜிஸ்டரெல்லாம் அவர்களிடம். ஜோஷ்வா பக்கம் இருந்தது ஒரே ஒரு போட்டோ. அன்று சாயங்காலமே, கூட வேலை பார்த்த சின்னராசு யாருக்கும் தெரியாமல் செல்போனில் எடுத்தது. நாலாம் நம்பர் பிரஸ், அதன் முகப்பில் அன்றைக்கு ஓட்டுபவர் பெயர் எழுதித் தொங்கும் ஜாப் கார்டு, கார்டில் ஜோஷ்வா என்று பெயர். சின்னராசு பிறகு போனை விற்றுவிட்டுத் திருப்பூருக்குப் போய்விட்டான். போவதற்கு முன் கேபிள் போட்டு இந்தப் பெட்டிக்குள் இறக்கியதுதான் மிச்சம்.

"ரெண்டு மாசமா ஒரு பிரிண்டு போடுங்க, ஒரு பிரிண்டு போடுங்கன்னு தலபாடா அடிச்சிக்கினேன்," என்றாள் கங்கம்மா. "நாளைக்கி நாளைக்கின்னு மாப்ள ஒத்திப் போட்டுக்கினே வந்தாரு. இப்ப போச்சா?"

கட்டிலில் உட்கார்ந்து இடது கையால் ஸ்பூன் பிடித்துப் பொரி தின்றுகொண்டிருந்த ஜோஷ்வா, "உடு அத்த, பாத்துக்கலாம்," என்றான்.

"இன்னாத்த பாக்கறது? கையும் போயி, கேக்க நாதியும் இல்லாம நிக்கறதயா?"

அவன் குனிந்து ஸ்பூனைப் பொரியில் விட்டான். பொரி இரண்டு லுங்கியில் சிந்தியது.

சிப்காட் தொழிற்பேட்டையில் வேலை பார்க்காதவர்களுக்கு இந்தக் காற்றடிக்கிற சங்கதி புரியாது. ஆயுத பூஜைக்கு முந்தின நாள் அங்கே எந்த மிஷினும் ஓடாது. கழுவல், துடைப்பு, பெயிண்ட். கம்ப்ரஸர் ஹோஸைக் கையில் பிடித்தவன் அன்றைக்கு ராஜா. பர்மனென்ட் ஆட்கள் வீட்டு மிக்ஸி, டேபிள் ஃபேன், டிவி என்று கொண்டுவந்து தூசி ஊதிக்கொண்டு போவார்கள். கேட்டில் செக்யூரிட்டி ஒரு சீட்டு எழுதி வாங்கிக்கொண்டு விட்டுவிடுவான். இந்த வருஷம் சின்னதுரை கம்ப்யூட்டரையே கொண்டுபோய் இறக்கினார். அதில் கொஞ்சம் பவுசும் இருந்தது. யார் வீட்டில் கம்ப்யூட்டர் இருக்கிறது?

மிக்ஸிக்கு ஊதினால் ஒன்றும் ஆகாது. ஆனால் மழைக்காலத்தில் கம்ப்ரஸர் டேங்கின் அடியில் தண்ணீர் சேரும், ஆயில் கலந்து, டீ நிறத்தில். அங்கே உள்ள வடிகுழாயைத் திறந்து அதை வெளியே விட்ட பிறகுதான் ஹோஸையே தொட வேண்டும். வருஷா வருஷம் புது ஆட்களுக்கு இதைச் சொல்லிச் சொல்லித் தொண்டை வற்றியவர் சின்னதுரை. செவ்வாய்க்கிழமை அவரே அந்தக் குழாயைத் திறக்கவில்லை. கம்ப்யூட்டர் மூடியைக் கழற்றிவிட்டு நேரே உள்ளே பிடித்து அடித்தார். ஜில்லென்று புறங்கையில் பட்டபோதுதான் சுரீர் என்றது. துணியால் ஒற்றினார், வெயிலில் வைக்கலாம் என்றால் வெயில் இல்லை. வீட்டில் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"கும்முடிப்பூண்டிக்கு எடுத்துனு போறேன். யாராச்சும் பாப்பாங்க," என்று பெட்டியைத் தூக்கினார்.

"நானும் வரேன்," என்றாள் கங்கம்மா.

"நீ எதுக்கு? மழ வருது."

"வரட்டும். இந்த தபா பெட்டி உங்கூடத் தனியாப் போவாது."

பழைய போர்வையில் சுற்றி, அதன்மேல் யூரியா சாக்கைப் போர்த்தி, பெட்டியைப் பிள்ளையைப் போல மடியில் இடுக்கிக்கொண்டு அவள் பின்னால் உட்கார்ந்தாள். எளாவூர் செக்போஸ்ட்டில் லாரிகள் அரை மைல் நின்றன. ஆந்திரா லாரி ஒன்று சேற்றை வாரி அடித்தது. கங்கம்மா குனிந்து அதை முதுகில் வாங்கிக்கொண்டாள், பெட்டியில் படவிடவில்லை.

வண்டி ஓட்டுகிற சின்னதுரைக்கோ மனசு ஒரு இடத்தில் நிற்கவில்லை. மறந்துதான் போனேனா? இருபது வருஷம் மறக்காதவனுக்கு அன்றைக்கு மட்டும் என்ன மறதி? ஏனென்றால் அந்தப் போட்டோவில் இருப்பது ஜாப் கார்டு மட்டும் இல்லை. அவர் அதைப் பார்த்ததில்லை, பார்க்கத் தைரியமும் வந்ததில்லை. ஆனால் மிஷினின் முகத்தை எடுத்தால் என்னென்ன விழும் என்று அவருக்குத் தெரியாதா? பிரஸ்ஸில் இரண்டு பட்டன் உண்டு. இரண்டு கையாலும் சேர்த்து அமுக்கினால்தான் மேல்கட்டை இறங்கும்; அப்போதுதான் இரண்டு கையும் வெளியே இருக்கும். ஒரு பட்டனை அமுங்கியபடி சைக்கிள் டியூபால் கட்டிவிட்டால், ஒரு கையால் தகடு வைத்துக்கொண்டே மறு கையால் அடிக்கலாம். பீஸ் கடகடவென்று ஏறும். சூப்பர்வைசர் தணிகாசலம் கட்டச் சொன்னார். கட்டியது சின்னதுரை. அந்த டியூபோடுதான் ஜோஷ்வாவின் கை போனது. மறுநாள் காலை டியூப் மாயமாகிவிட்டது. போட்டோவில் மட்டும் இருக்கிறது.

'போட்டோ அழிந்தால் தேவலை' என்று ஒரு நிமிஷமாவது நினைக்கவில்லையா? நினைத்தார். நினைத்ததும் உண்மை, மறந்ததும் உண்மை. இரண்டில் எது முந்தியது என்று சாமி முன்னால் நிறுத்திக் கேட்டாலும் அவரால் சொல்ல முடியாது.

பஜாரில் முதல் கடைக்காரர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். "இன்னிக்கு நல்ல நாளுங்க, கெட்டுப்போனத தொட மாட்டேன். நாளைக்கி வாங்க." அடுத்த கடை பூட்டு. மசூதித் தெருவில் ரமீஸாவின் கடை மட்டும் திறந்திருந்தது. பழவேற்காட்டுப் பெண், ஜவுளி வியாபாரக் குடும்பம். அவள் மட்டும் கம்ப்யூட்டர் படித்துவிட்டு இங்கே சர்வீஸ் கடை போட்டிருந்தாள். தலையில் முக்காடு, காதில் சொருகிய டெஸ்டர்.

பெட்டியின் மூடியைக் கழற்றி டார்ச் அடித்தவள் அப்படியே நிமிர்ந்தாள்.

"யாருண்ணே இதுக்குள்ள தண்ணி ஊத்துனது?"

பச்சை போர்டு முழுக்க வெள்ளையாகப் பூத்திருந்தது. ஓரங்களில் பழுப்புக் கறை. விரலால் தொட்டு முகர்ந்தாள். "ஆயிலு வாசன வேற வருது."

சின்னதுரை வெளியே மழையைப் பார்த்தார். கங்கம்மாவின் கண் அவர் பிடரியில் இருந்தது.

"கம்ப்ரஸர் காத்து அடிச்சேம்மா," என்றார் கடைசியில். "டேங்குல தண்ணி எறக்காம அடிச்சிட்டேன்."

"எறக்காமயா? லேத்துப் பட்டறையில நேத்து சேந்த ஆளுக்குக் கூட அது தெரியுமேண்ணே!"

"தெரியும்."

"அவருக்குத் தெரியாதுன்னா நெனச்ச?" என்றாள் கங்கம்மா ரமீஸாவிடம். குரல் தழைந்து, அதனாலேயே பயமாக இருந்தது. "இருபது வருசம் அதே வேலதான் பாக்கறாரு. மிஷின்ல கை போன மருமவனுக்கு நாளைக்கி கேசு, இதுக்குள்ள கீற போட்டோதான் சாட்சி. அத்தத் தெரிஞ்சே தூக்கினு போயி, தெரிஞ்சே தண்ணி அடிச்சினு வந்து, சந்தனம் வெச்சி பூஜ போட்டுக்கினாரு. கம்பெனிக்காரன் இன்னா குடுத்தான்னு நீயே கேளுமா."

"ஏய், வாய அடக்கு."

"அடக்கித்தான் இம்மாம் நாளு இருந்தேன்."

ரமீஸா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அக்கா, உக்காருங்க. போர்டு போச்சி, அத மறந்துடுங்க. போட்டோ போர்டுல இருக்காது. இந்த டிஸ்க்லதான் இருக்கும். இது பொழச்சிருந்தா எல்லாம் பொழச்சிது."

செங்கல் துண்டு அளவுக்கு ஒரு இரும்புப் பெட்டியைக் கழற்றித் தன் கம்ப்யூட்டரில் மாட்டினாள். டிக், டிக், டிக் என்றது. நின்றது. மறுபடி டிக், டிக். திரையில் ஒன்றும் வரவில்லை. அவள் உதட்டைப் பிதுக்கினாள். கங்கம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

"பொறுங்க, இன்னும் ஒண்ணு பாத்துடலாம்." டிஸ்கின் அடியில் இருந்த சின்ன போர்டை ஸ்க்ரூ கழற்றி எடுத்தாள். அதன் பின்பக்கத்தில் வரிசையாக இருந்த செப்புப் புள்ளிகள் கறுத்திருந்தன. மேசை டிராயரிலிருந்து பென்சில் ரப்பரை எடுத்து ஒவ்வொன்றாகத் தேய்க்க ஆரம்பித்தாள்.

"இதுக்கா ரப்பரு?" என்றாள் கங்கம்மா.

"பள்ளிக்கூடத்து ரப்பருதான்க்கா. உப்புத்தாள் போட்டா செம்பே வந்துடும். பழவேற்காட்டுப் பக்கம் எந்த ஊட்டுப் பொட்டி வந்தாலும் உப்புக் காத்துல இப்படித்தான் கறுத்து வரும். இதே வேலதான் எனக்கு."

அவள் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே சின்னதுரையின் சட்டைப் பையில் செல் அடித்தது. அவர் எடுப்பதற்குள் கங்கம்மா எட்டிப் பார்த்துவிட்டாள். படிக்கத் தெரியாதவள்தான், ஆனால் அந்த ரிங்டோன் சூப்பர்வைசருக்கு மட்டும் என்று அவளுக்குத் தெரியும்.

"இங்கயே பேசு," என்றாள்.

"இன்னா சின்னதுரை, பூஜையெல்லாம் நல்லா ஆச்சா?" தணிகாசலத்தின் குரல் கடை முழுக்கக் கேட்டது. "செவ்வாக்கெழம கம்ப்யூட்டரு எடுத்தாந்தியாமே? கேட் ரெஜிஸ்டர்ல பாத்தேன். நல்லா ஓடுதா?"

"...ஓடலங்க."

"அடடா. செரி, போனாப் போவுது உடு. தீவாளி கழிச்சி ஃபோர்மேன் லிஸ்ட்டு வருது. உம் பேரு கீது. நாளைக்கி நீ டூட்டிக்கு வந்துடு, இன்னா?"

போனை வைத்ததும் கங்கம்மா ஸ்டூலை அவரை விட்டு ஒரு அடி தள்ளிப் போட்டு உட்கார்ந்தாள். அவள் ஏசினால் தாங்கிக்கொள்ளலாம். தள்ளி உட்கார்ந்ததைத்தான் சின்னதுரையால் தாங்க முடியவில்லை.

பதினொன்றே முக்காலுக்கு ரமீஸா போர்டைத் திரும்ப மாட்டிச் சொருகினாள். ஒரு தரம் டிக் என்றது. பிறகு கர்ரென்று சீராகச் சுற்ற ஆரம்பித்தது. "வந்துடுச்சி! அல்ஹம்துலில்லாஹ்!" என்று அவள் மேசையைத் தட்டினாள். கங்கம்மா எழுந்து நின்றே விட்டாள்.

ஆனால் வந்த டிஸ்க் நடக்க மாட்டேன் என்றது. ஒரு ஃபோல்டரைத் தொட்டால் திறக்க ஐந்து நிமிஷம். சோனியா டைப் அடித்த கடுதாசிகள் வந்தன, கல்யாண போட்டோ வந்தது, அதில் இரண்டு கையும் முழுசாக ஜோஷ்வா மாலையோடு நின்றான். கங்கம்மா அதைப் பார்த்து "ஐயோ" என்றாள். பன்னிரண்டுக்குக் கரண்ட் போனது. அந்த வருஷம் அப்படி. தினம் பன்னிரண்டிலிருந்து இரண்டு மணிவரை கரண்ட் கிடையாது. யுபிஎஸ் கீச் கீச்சென்று கத்த ஆரம்பித்தது.

"பத்து நிமிஷம் தாங்கும்," என்றாள் ரமீஸா. "நின்னுட்டா இந்த டிஸ்க்கு திரும்ப எழுந்துக்குமான்னு சொல்ல முடியாது. ஃபோல்டரு பேரு தெரியுமாண்ணே?"

சின்னதுரைக்குத் தெரியும். சோனியா சொல்லியிருந்தாள். சும்மா இருந்தால் போதும். வாயைத் திறக்காமல் பத்து நிமிஷம் நின்றால் போதும், கை படாமல், பாவம் ஒட்டாமல் எல்லாம் தானாக முடிந்துவிடும். யுபிஎஸ் கத்திக்கொண்டே இருந்தது. கங்கம்மா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவரிடமிருந்து எதையும் எதிர்பார்ப்பதை அவள் விட்டுவிட்டாள்.

"கை," என்றார். "இங்கிலீசு எழுத்துல கைன்னு போட்டிருப்பா. 'சோனியா'ன்னு இருக்கிறதுக்குள்ள போம்மா."

ரமீஸாவின் விரல் பறந்தது. பென் டிரைவைச் சொருகினாள். திரையில் பச்சைக்கோடு ஊர்ந்தது, பாதியில் நின்றது, மறுபடி ஊர்ந்தது. முடிந்தது. "சரியா வந்துதான்னு பாத்துடுறேன்," என்று திறந்தாள். போட்டோ மேலிருந்து கீழாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. நாலாம் நம்பர் என்று மஞ்சள் பெயிண்ட். ஜாப் கார்டு. அதில் பேனாவில் எழுதியிருந்ததை ரமீஸா 'ஜோஷ்வா' என்று படித்தாள். கங்கம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அதற்கும் கீழே வலப்பக்கப் பட்டன்.

"இது இன்னாது, கறுப்பாச் சுத்திக் கீது?"

"டியூபு, அக்கா. பட்டன அமுக்கிக் கட்டி வெச்சிருக்காங்க," என்றாள் ரமீஸா. அவள் குரல் இறங்கியது. "அண்ணே, இது நல்லதில்லியே. மருமகனே கட்டிக்கினு வேல செஞ்சாரு, அதான் கை போச்சின்னு கம்பெனிக்காரன் இதையே திருப்பிடுவானே? யாரு கட்டுனாங்கன்னு சொல்ல ஆளு வேணுமே?"

யுபிஎஸ் நீளமாக ஒரு தரம் கத்தி ஓய்ந்தது. திரை அணைந்தது. மழைச்சத்தம் மட்டும் மிச்சம்.

"நான் கட்டுனேன்," என்றார் சின்னதுரை.

இரண்டு மணிவரை கரண்டுக்குக் காத்திருந்தார்கள். ரமீஸா டீயும் சமோசாவும் வாங்கிவந்து வைத்தாள். கங்கம்மா தொடவில்லை. கடையின் மூலையில் ஸ்டூலில், மழையைப் பார்க்கத் திரும்பி உட்கார்ந்திருந்தாள். தோள் மட்டும் அவ்வப்போது குலுங்கியது. சின்னதுரை ஒரு தரம், "கங்கா" என்று கூப்பிட்டுப் பார்த்தார். "பேசாத" என்றாள். கரண்ட் வந்ததும் ரமீஸா கலரில் மூன்று பிரிண்ட் போட்டு, பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கங்கம்மாவின் கையில் கொடுத்தாள். சின்னதுரையின் கையில் கொடுக்கவில்லை.

வீட்டுக்குப் போய்ச் சேர நாலு மணி ஆயிற்று. ஜோஷ்வா அதே கட்டிலில் இருந்தான். கங்கம்மா கவரை அவன் பக்கத்தில் வைத்துவிட்டு, ஈரச் சேலையோடு சுவரோரம் குத்தவைத்து உட்கார்ந்தாள். சின்னதுரை உட்காரவில்லை.

"மாப்ள, அந்த டியூபு..."

"தெரியும் மாமா."

ஜோஷ்வா இடது கையால் காற்றில் சுற்றிக் காட்டினான்.

"மேல ரெண்டு சுத்து, கீழ ஒரு முறுக்கு. கம்பெனில உன்னத் தவிர எவன் அப்பிடிக் கட்டுவான்? ஆஸ்பத்திரிலயே தெரியும். அதான் பிரிண்டு போடல. கார்டு மட்டும் தெரியறாப்ல வெட்டி எடுக்கலாமான்னு ரோசன பண்ணிக்கினே இருந்தேன். வெட்டுனா ஒத்துக்க மாட்டாங்கன்னு வக்கீலு சொல்லிட்டாரு." அவன் இடது கையால் கவரைத் தள்ளினான். "காலைல பொட்டி செத்துப்போச்சின்னதும் ஒரு பக்கம் நிம்மதியாக் கூட இருந்துச்சி மாமா."

சின்னதுரை அழுதார். ஐம்பது வயசு ஆள், வாயைப் பொத்திக்கொண்டு, மூக்கு ஒழுக அழுதார். பிறகு சட்டையில் துடைத்துக்கொண்டு, "எட்டு மணி பஸ்ஸுக்கு நானும் வரேன். ஊத்துக்கோட்ட போயி மாறிக்கலாம். யாரு கட்டச் சொன்னான், யாரு கட்டுனான், ரெண்டயும் ஆபீசராண்ட நானே சொல்றேன்," என்றார்.

"வேல பூடும் மாமா."

"போவட்டும்."

பின்கட்டில் துணி எடுத்துக்கொண்டிருந்த சோனியா எப்போது வந்து நின்றாள் என்று யாரும் பார்க்கவில்லை. தோளில் நனைந்த துணிகள் கிடந்தன. அப்பாவை நேராகப் பார்த்தாள்.

"எப்ப கட்டுன நைனா?"

"காலைல. ஃபர்ஸ்ட் ஷிஃப்ட்டுல."

"சாயங்காலம் இவருதான் வந்து நிப்பாருன்னு தெரியுமா?"

"ஐயோ, சத்தியமாத் தெரியாது கண்ணு. லோடிங்ல இருந்த புள்ளய இட்டாந்து நிறுத்துவான்னு எனக்கு இன்னா தெரியும்? வேற எவனாச்சும் காண்ட்ராக்ட் ஆளு நிப்பான்னுதான் நெனச்சேன்."

"வேற எவனோன்னா பரவால்லியா?"

சின்னதுரை கங்கம்மாவைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜோஷ்வாவைப் பார்த்தார். அவன், "உடு சோனி," என்றான். அவள் விடவில்லை. பதில் வருகிறதா என்று நின்று பார்த்தாள். மழை ஓட்டில் விழுந்துகொண்டிருந்தது.

பிறகு அவள் துணிகளை உள்ளே கட்டிய கொடியில் போட்டாள். கட்டிலில் கிடந்த கவரை எடுத்துப் பீரோவில் வைத்துப் பூட்டினாள். வழக்கமாக மாட்டும் ஆணியில் சாவியை மாட்டாமல், அப்பா பார்க்கவே தன் முந்தியில் முடிந்துகொண்டு அடுப்படிக்குப் போனாள்.